போதகருக்குச் சட்டமன்றத்தில் என்ன வேலை என்று கேட்டவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாட்களுக்கு முன் உங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒருவர், ஜெபம் பண்ணுகிறவர் ஜெபம் பண்ணட்டும், சட்டம் போடுகிறவர் சட்டம் போடட்டும், போதகருக்குச் சட்டமன்றத்தில் என்ன வேலை என்று கேட்டிருந்தார். நான் பாளையங்கோட்டைக்காரி, சி.எஸ்.ஐ. சபையில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவள், பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அவர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். கோபம் வரவில்லை, ஏனென்றால் அதில் பாதி என் மனதில் உள்ளதுதான். மீதிப் பாதியை அப்படியே விட மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கடிதம் நீளம்தான், வெட்டினால் அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்துப் போதகர் ஒருவரைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் உடன்படுகிற பாதியைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு தேர்தல் சமயம், நான் ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்த சபையில் அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, இன்ன வேட்பாளருக்கு நம் ஜனங்கள் ஓட்டுப் போட வேண்டும் என்று பீடத்திலிருந்தே வாசித்தார். வெள்ளை அங்கி போட்டிருந்தார், சற்று முன்தான் அதே கையால் எங்களுக்குத் திருவிருந்து கொடுத்திருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்தில் இருந்த என் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்கள், ஜெபத்துக்காக அல்ல. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பேசவே இல்லை. அப்புறம் சோறு போடும்போது, "ஓட்டு நான் போடுவேன், அவர் சொல்லி நான் போட மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்கள். ஆகையால், பீடத்தை ஓட்டுப்பெட்டியாக ஆக்குகிற போதகரைப் பற்றி அந்த வாசகருக்கு என்ன வருத்தமோ அதே வருத்தம் எனக்கும் உண்டு. அதை மூடி மறைக்க நான் வரவில்லை.

ஆனால் அதற்காக, போதகர் என்றாலே சட்டமன்றத்தின் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்ல முடியுமா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். கிளமென்டா பிங்க்னி. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தின் மேலவை உறுப்பினர், சார்ல்ஸ்டன் நகரத்து இம்மானுவேல் தேவாலயத்தின் போதகர். 2015 ஜூன் 17, புதன்கிழமை இரவு, தன் சபையின் வேதபாட வகுப்பில் சுட்டுக் கொல்லப்பட்டவர்.

அவர் செத்த கதை உலகத்துக்குத் தெரியும். அவர் வாழ்ந்த கதைதான் இந்த விவாதத்துக்கு வேண்டியது, அது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

1973ல் பிறந்தவர். ஊர் ஜாஸ்பர் மாவட்டத்தில் ரிட்ஜ்லாண்ட் என்கிற சின்ன ஊர். 13 வயதில் பிரசங்கம் பண்ண ஆரம்பித்து, 18 வயதில் ஒரு சபைக்குப் போதகராகவே நியமிக்கப்பட்டார். 1996ல், 23 வயதில், மாநிலக் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தென் கரோலினா சட்டமன்றத்துக்குப் போன கறுப்பினத்தவரில் அவ்வளவு இளம் வயதுக்காரர் அதற்கு முன் யாரும் இல்லை. 2000ல் மேலவைக்கு ஜெயித்தார். சாகும்வரை அங்கேதான் இருந்தார். இதற்கு நடுவில் அரசு நிர்வாகத்தில் ஒரு முதுகலைப் பட்டம், அப்புறம் லுத்தரன் இறையியல் கல்லூரியில் படிப்பு. 2010ல்தான் இம்மானுவேல் சபைக்குப் போதகராக வந்தார்.

நம் ஊர் எம்.எல்.ஏ. பதவியை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கக் கூடாது. அங்கே மாநிலச் சட்டமன்றம் என்பது பகுதிநேர வேலை. தென் கரோலினா மேலவையில் மொத்தம் 46 பேர், வருஷச் சம்பளம் 10,400 டாலர், வருஷத்தில் ஏறக்குறையப் பாதி மாதங்கள்தான் அவை கூடும். வக்கீல் வக்கீலாகவே இருப்பார், விவசாயி விவசாயம் பார்ப்பார், கடைக்காரர் கடை நடத்துவார், கூட்டம் நடக்கிற நாட்களில் தலைநகர் கொலம்பியாவுக்கு வந்து போவார். அப்படி இருக்கையில் போதகர் மட்டும் போதகராக இருந்துகொண்டு வரக் கூடாது என்றால், அதற்குத் தனியாக ஒரு காரணம் சொல்ல வேண்டும்.

அந்தக் காரணத்தை ஒரு காலத்தில் சொல்லவும் செய்தார்கள். இதே தென் கரோலினாவின் 1778ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில், ஊழியத்தில் இருக்கிற எந்தப் போதகரும், ஊழியத்தை விட்டு இரண்டு வருஷம் ஆகிறவரைக்கும், ஆளுநராகவோ சட்டமன்ற உறுப்பினராகவோ ஆக முடியாது என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆத்தும வேலைக்கென்று அர்ப்பணிக்கப்பட்டவர்கள், அவர்கள் கவனத்தைத் திருப்பக் கூடாது என்று காரணம் காட்டினார்கள். தென் கரோலினா மட்டும் அல்ல, ஆரம்பத்தில் இருந்த 13 மாநிலங்களில் 7 மாநிலங்களில் இந்த மாதிரித் தடை இருந்தது. கடைசியாகத் தாக்குப்பிடித்தது டென்னசி. அங்கே ஒரு பாப்டிஸ்ட் போதகர் மாநில அரசியல் சட்ட மாநாட்டுக்குப் போட்டியிட, எதிர்த்து நின்றவர் வழக்குப் போட, அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1978ல் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. உங்கள் வாசகர் கேட்கிற கேள்வி புதிதல்ல, இருநூறு வருஷம் அங்கே சட்டமாகவே இருந்து, விசாரிக்கப்பட்டு, தள்ளப்பட்ட கேள்வி அது.

நான் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வேன், ஒரு சட்டத்தை யார் எழுதினார்கள் என்பதோடு, எழுதும்போது வெளியே நிறுத்தப்பட்டது யார் என்றும் பாருங்கள் என்று. 1778ல் தென் கரோலினாவில் இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அவர்களுக்குப் பேச ஆயிரம் இடம் இருந்தது. போதகர் சட்டமன்றத்துக்குப் போகாவிட்டால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அடிமைகளாக இருந்த ஜனங்களுக்குச் சபையை விட்டால் பேச வேறு இடமே கிடையாது. பள்ளிக்கூடம் கிடையாது, சங்கம் கிடையாது, எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் குற்றம். தங்கள் ஆள் ஒருவன் எழுந்து நின்று பத்துப் பேர் முன்னால் வாய் திறக்கிற ஒரே இடம் தேவாலயம்தான். அதனால்தான் அவர்களில் தலைவர்கள் என்று உருவானவர்கள் பெரும்பாலும் போதகர்களாகவே இருந்தார்கள். சபையும் பொதுவாழ்வும் அங்கே தனித்தனியாக வளரவே இல்லை.

இம்மானுவேல் சபையின் சரித்திரமே இதற்குச் சாட்சி. அது ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையைச் சேர்ந்தது. வெள்ளையர்கள் நடத்திய மெதடிஸ்ட் சபையில், கறுப்பினத்தவருடைய கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் சம்மதம் இல்லாமல் கட்டடம் எழுப்பப்போய்த் தகராறு வந்தது. மோரிஸ் பிரவுன் என்பவர் தலைமையில் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். கல்லறை நிலத்துக்காக நடந்த சண்டைகள் நமக்கும் தெரிந்தவைதானே, அதனால் அதை விளக்க வேண்டியதில்லை. 1822ல் அந்தச் சபையைச் சேர்ந்த டென்மார்க் வெசி, அடிமைகளின் கிளர்ச்சிக்குத் திட்டம் போட்டதாகப் பிடிக்கப்பட்டு, அவரோடு சேர்த்து 35 பேர் தூக்கில் போடப்பட்டார்கள். தேவாலயத்தை அழித்தார்கள். 1834ல் கறுப்பினச் சபைகளையே தடை செய்தார்கள். உள்நாட்டுப் போர் முடிகிற 1865 வரைக்கும் அந்த ஜனங்கள் ஒளிந்து ஒளிந்து கூடி ஜெபம் பண்ணினார்கள். போர் முடிந்ததும் திரும்பவும் கட்டினார்கள். 1886 பூகம்பத்தில் அதுவும் போனது. இப்போது நிற்கிற வெள்ளைக் கட்டடம் 1891ல் கட்டியது.

போர் முடிந்தபின் அந்தச் சபைக்கு வந்த போதகர் ரிச்சர்ட் கெயின். 1868ல் தென் கரோலினாவுக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதிய மாநாட்டில் அவரும் ஒரு பிரதிநிதி. அதே 1868ல் மாநில மேலவைக்குப் போனார். அப்புறம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே இரண்டு தடவை போனார், கடைசியில் பேராயரானார். ஆகவே பிங்க்னி மேலவையில் உட்கார்ந்தபோது அவர் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. நூற்று முப்பது வருஷத்துக்கு முன் அதே சபையின் போதகர் நடந்துபோன வழியில்தான் நடந்தார்.

இனி நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2015 ஏப்ரல் 4ஆம் தேதி, வடக்கு சார்ல்ஸ்டனில் வால்டர் ஸ்காட் என்ற கறுப்பினத்தவரைக் காரை நிறுத்தச் சொன்ன ஒரு போலீஸ்காரர், அவர் இறங்கி ஓடும்போது பின்னாலிருந்து சுட்டுக் கொன்றார். கையில் ஆயுதம் இல்லாத மனிதர். முதலில் போலீஸ் தரப்பில் வேறு கதைதான் சொன்னார்கள். அந்த வழியாகப் போன ஒருவர் தன் கைப்பேசியில் எடுத்திருந்த காணொளி வெளியே வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. போலீஸ்காரர்கள் உடம்பில் கேமரா மாட்டிக்கொள்ள வேண்டும் என்ற மசோதா மேலவைக்கு வந்தபோது, அதற்காக எழுந்து பேசியவர்களில் பிங்க்னி ஒருவர்.

அந்தப் பேச்சின் காணொளி இன்றும் கிடைக்கிறது. நான் என் போனில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆள் உயரம், கனத்த குரல், சத்தம் போட்டுப் பேசவே இல்லை. எதிரே இருந்தவர்களில் பெரும்பான்மை எதிர்க்கட்சிக்காரர்கள், வெள்ளையர்கள். அவர்களைத் திட்டவில்லை. தோமாவின் கதையைச் சொன்னார். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்ற சீஷர்கள் சொன்னபோது, ஆணி பாய்ந்த தழும்பைப் பார்த்தால்தான் நம்புவேன் என்று நின்ற தோமா. அவர் பெயர் சொல்லும் பரங்கிமலை இருக்கிற தமிழ்நாட்டில் வாழ்கிற நமக்கு அவரைத் தெரியாதா! ஸ்காட் செத்த செய்தி வந்தபோது, ஒரு போலீஸ்காரர் ஒருவரை முதுகில் ஆறு, ஏழு, எட்டு தடவை சுடுவாரா, இருக்கவே இருக்காது என்றுதான் நம்மில் பலர் நினைத்தோம், பிறகு அந்தக் காணொளியைப் பார்த்தோம், குண்டு பாய்வதைப் பார்த்தோம், விழுவதைப் பார்த்தோம், விழுந்து கிடந்தவருக்கு உயிர் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் விலங்கு மாட்டியதைப் பார்த்தோம், அப்போது தோமாவைப் போல நாமும் நம்பினோம் என்ற பொருளில் பேசினார்.

நான் அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிட்டு யோசிப்பேன். இதை ஒரு வக்கீல் பேசியிருக்கலாம், புள்ளிவிவரம் அடுக்கியிருக்கலாம், வேறு மாநிலச் சட்டங்களைக் காட்டியிருக்கலாம். ஆனால் நம்ப மறுத்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், தோமாவும் சீஷன்தான், நம்ப மறுத்ததற்காக அவனை யாரும் விரட்டவில்லை, தழும்பைத்தான் காட்டினார்கள் என்று அவர்களையும் கூட்டிக்கொண்டு வருவது வேதாகமத்தைத் தினமும் புரட்டுகிற ஒருவருக்குத்தான் வரும். அங்கே அவர் யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை, கிறிஸ்தவச் சட்டம் போடுங்கள் என்று கேட்கவில்லை. கேமரா வேண்டும் என்று கேட்டார். அதாவது, தழும்பைக் காட்டுகிற ஒரு வழி வேண்டும் என்று கேட்டார். மேலவை செவிகொடுத்தது. 2015 ஜூன் 10ஆம் தேதி அப்போதைய ஆளுநர் நிக்கி ஹேலி (பஞ்சாபிலிருந்து போன சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர்) கையெழுத்துப் போட்டார். எல்லாக் காவல் நிலையத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியதில் தென் கரோலினாதான் முதல் மாநிலம். சட்டத்தில் ஓட்டைகள் உண்டு, பணம் ஒதுக்கினால்தான் கேமரா, படத்தைப் பொதுமக்கள் கேட்டு வாங்க முடியாது என்றெல்லாம் வைத்திருக்கிறார்கள், அது தனிக் கதை.

ஜூன் 10 கையெழுத்து. ஜூன் 17 அவர் உயிரோடு இல்லை. நடுவில் ஒரே ஒரு வாரம்.

அன்றைக்குப் பகலில் அவர் கொலம்பியாவில் சட்டமன்ற வேலையாக இருந்தார். மாலையில் நூற்று எண்பது கிலோமீட்டர் போல வண்டி ஓட்டிக்கொண்டு சார்ல்ஸ்டன் திரும்பினார், சபையில் கூட்டம் இருந்தது. அது முடிந்து நேரமாகிவிட்டாலும் வேதபாடத்தை விட்டுவிட வேண்டாம் என்று தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். மாற்கு 4ஆம் அதிகாரம், விதைக்கிறவன் உவமை. அப்போது முன்பின் தெரியாத ஒரு வெள்ளை இளைஞன் உள்ளே வந்தான். அவனுக்கு நாற்காலி போட்டு, கையில் வேதபாடத் தாளைக் கொடுத்து உட்கார வைத்தார்கள், போதகருக்குப் பக்கத்திலேயே. ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர்களோடு இருந்தான். கடைசி ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடியபோது துப்பாக்கியை எடுத்தான். ஒன்பது பேர் செத்தார்கள், மூத்தவருக்கு 87 வயது, இளையவருக்கு 26. பிங்க்னிக்கு 41. அவருடைய மனைவியும் சின்ன மகளும் பக்கத்து அறையில் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு தப்பினார்கள். அந்தக் கொலைகாரனின் பெயரை நான் எழுத மாட்டேன், நீங்களும் போட வேண்டாம்.

2019ல் என் மகன் வட கரோலினாவில் ஷார்லட் நகரத்தில் வேலை பார்த்தபோது மூன்று மாதம் அவனோடு போய் இருந்தேன். எங்கே பார்க்க வேண்டும் அம்மா, நயாகரா போகலாமா என்று கேட்டான். சார்ல்ஸ்டன் போகலாம் என்றேன். மூன்றரை மணி நேரம் காரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இம்மானுவேல் தேவாலயத்து வாசலில் போய் நின்றோம். அந்தத் தெருவின் பெயர் கால்ஹூன் தெரு. ஜான் கால்ஹூன் அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக இருந்தவர், அடிமை முறை நல்லது என்று வாதாடியவர். தேவாலயத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் மேரியன் சதுக்கத்தில் உயரமான தூணின் மேல் அவருடைய சிலை. அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு உயரம். 2020 ஜூனில் அதை இறக்கிவிட்டார்கள், நான் போனபோது நின்றுகொண்டிருந்தது. கறுப்பினப் போதகர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சிலையைப் பார்த்துக்கொண்டேதான் ஆராதனைக்குப் போயிருக்கிறார்கள்.

வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். சேலை கட்டிய ஒரு கிழவியும் அவள் மகனும் படியேறலாமா என்று தயங்கி நின்றோம். சம்பவம் நடந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. முன்பின் தெரியாதவனுக்கு நாற்காலி போட்டதால் ஒன்பது பேரைப் பறிகொடுத்த சபை, இனி எங்களை எப்படிப் பார்ப்பார்களோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நடுக்கம். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு வயதான அம்மா வந்தார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார், இந்தியா என்றேன். முதல் வரிசைக்கு அடுத்த வரிசையில் தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டி, என் மடியில் வைத்தார். ஆராதனை முடிகிறவரைக்கும் நான் அழுதுகொண்டேதான் இருந்தேன். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை, அவ்வப்போது முழங்கையால் மெதுவாகத் தொட்டார், எழுந்து நிற்க வேண்டிய நேரம் என்று தெரிவிக்க.

அந்த அம்மா மாதிரி ஜனங்களோடு வாழ்ந்தவர் பிங்க்னி. அவர்கள் வீட்டுச் சாவுக்குப் போயிருக்கிறார், கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். அவருடைய தொகுதி ஆறு மாவட்டங்களைத் தொட்டது, தென் கரோலினாவில் மிகவும் ஏழைப்பட்ட கிராமங்கள் அதில் இருந்தன. அங்கே பள்ளிக்கூடங்களின் நிலைமை எப்படி என்றால், ஜாஸ்பர் உட்பட ஏழை மாவட்டங்கள் சேர்ந்து 1993ல் மாநில அரசின் மேல் வழக்குப் போட்டு, 2014ல்தான் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தன. இருபத்தோரு வருஷம்! வழக்குப் போட்ட வருஷம் முதல் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு, தீர்ப்பு வரும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இருந்திருக்கும். அந்த மாதிரி ஜனங்களின் கஷ்டம் ஒருவருக்கு மனுவாக வந்து சேர்வதும், வாரா வாரம் ஆராதனை முடிந்து கை குலுக்கும்போது நேராக வந்து சேர்வதும் ஒன்றல்ல.

நீங்கள் ஏன் அரசியலுக்கும் ஊழியத்துக்கும் ஒன்றாகப் போனீர்கள் என்று அவரைக் கேட்பார்களாம். நம் அழைப்பு சபையின் நாலு சுவருக்குள் மட்டும் இல்லை, சபை இருக்கிற ஊரின் வாழ்க்கையிலும் இருக்கிறது என்பது அவர் சொன்ன பதில், அவருடைய அடக்க ஆராதனையில் ஒபாமா இதை எடுத்துச் சொன்னார். 2013ல் தேவாலயத்தைப் பார்க்க வந்த ஒரு கூட்டத்திடம் பிங்க்னி இன்னும் கடினமான ஒன்றைச் சொல்லியிருக்கிறார். சுதந்திரமும் சமத்துவமும்தான் திருச்சபையின் வேலை, அதற்காகச் சில சமயம் சத்தம் எழுப்ப வேண்டியிருக்கும், சில சமயம் டென்மார்க் வெசியைப் போலச் சாகவும் வேண்டியிருக்கும் என்றார். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அதே கட்டடத்தில்.

செத்த பிறகும் அவர் மேலவை உறுப்பினராகவே வேலை செய்தார் என்றுதான் நான் சொல்வேன். ஜூன் 24 அன்று அவர் உடலைச் சட்டமன்றக் கட்டடத்தில் வைத்தார்கள். வெளியே அமெரிக்கக் கொடியும் மாநிலக் கொடியும் அரைக்கம்பத்தில். ஆனால் சட்டமன்ற வளாகத்தில் இன்னொரு கொடி இருந்தது, அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் போர்க்கொடி. அது முழுக் கம்பத்தில் பறந்துகொண்டிருந்தது. அதைச் சட்டமன்றம் தீர்மானம் போடாமல் இறக்க முடியாது, அப்படி ஒரு சட்டம். அவர் சவப்பெட்டி இருந்த இடத்திலிருந்து அந்தக் கொடி கண்ணில் படக் கூடாது என்று யாரோ ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். ஜூலையில் மேலவை கூடி வாக்கெடுத்தபோது, அவருடைய மேசை கறுப்புத் துணி போர்த்தி அப்படியே இருந்தது. கொடியை இறக்குவதற்கு எதிராக மேலவையில் வாக்களித்தது மூன்றே பேர். கீழவையில் 94 பேர் ஆதரவு, 20 பேர் எதிர்ப்பு, நடுராத்திரி தாண்டியும் விவாதம் போனது. ஜூலை 10 அன்று கொடி இறங்கியது. எத்தனையோ வருஷம் போராடியும் நடக்காதது.

இதைச் சொல்லி முடித்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது முழு உண்மை ஆகாது. வெறுப்புக் குற்றங்களுக்குக் கூடுதல் தண்டனை என்று ஒரு மாநிலச் சட்டம் வேண்டும் என்று, கிளமென்டா பிங்க்னியின் பெயரையே வைத்து மசோதா கொண்டுவந்தார்கள். 2021ல் கீழவை நிறைவேற்றியது. மேலவையில் வாக்கெடுப்புக்கே வராமல் முடிந்துபோனது. 2023ல் திரும்பவும் கீழவை நிறைவேற்றியது. திரும்பவும் மேலவையில் அதே கதி. எந்த அவையில் அவர் பதினான்கு வருஷம் உட்கார்ந்தாரோ, எந்த அவை அவருடைய மேசைக்குக் கறுப்புத் துணி போர்த்தியதோ, அதே அவை. எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் இந்த விஷயத்தில் இல்லை. துப்பாக்கி வாங்கும்போது நடக்கிற பின்னணி விசாரணை மூன்று நாளுக்குள் முடியாவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம் என்ற ஓட்டை வழியாகத்தான் அந்தக் கொலைகாரன் கைக்கு ஆயுதம் வந்தது. அந்த விசாரணையில் நடந்த தவறுக்காக 2021ல் அமெரிக்க நீதித் துறை பாதிக்கப்பட்டவர்களுக்கு 88 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பணம் கொடுத்தார்கள், ஓட்டையை அடைக்கவில்லை.

இப்போது நம் வாசகர் கேட்கலாம், சரி, அது அமெரிக்கா, கறுப்பினத்தவரின் சரித்திரம் வேறு, இந்தியாவுக்கு அது பொருந்துமா என்று. நியாயமான கேள்வி. நம் நாட்டிலேயே ஒரு பெயர் சொல்கிறேன். ஜே. ஜே. எம். நிக்கல்ஸ் ராய். வடகிழக்கில் இப்போது மேகாலயாவாக இருக்கிற பகுதியின் காசி மலைக்காரர், ஷில்லாங்கில் சபை நடத்திய போதகர், அசாம் சட்டமன்றத்தில் இருந்தவர், அமைச்சராகவும் இருந்தவர். அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து, மலைவாழ் மக்களின் நிலமும் வழக்கமும் பறிபோகாமல் சுயாட்சி மன்றங்கள் வேண்டும் என்று வாதாடியவர். இன்று நம் அரசியல் சட்டத்தில் ஆறாவது அட்டவணை என்று இருப்பதில் அவர் பங்கு பெரியது. அந்த மலைகளிலும் படித்து வந்து வெளியே பேசத் தெரிந்த முதல் தலைமுறையில் போதகர்கள் நிறைய இருந்தார்கள். பிங்க்னியின் ஊரில் என்ன காரணமோ ஏறக்குறைய அதே காரணம்தான்.

கத்தோலிக்கத் திருச்சபை குருக்கள் இப்படிப் பதவி வகிப்பதைத் தன் சட்டத்தால் தடுத்திருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் பத்து வருஷம் இருந்த ராபர்ட் டிரைனன் என்ற இயேசு சபைக் குரு, போப்பின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து 1980 தேர்தலில் நிற்காமல் விலகினார். அதை நான் மதிக்கிறேன். ஒரு திருச்சபை தன் ஊழியர்களுக்குத் தானே கட்டுப்பாடு போட்டுக்கொள்வது அதன் உரிமை. அரசாங்கமோ பொதுமக்களோ, நீ இந்த வேலை பார்க்கிறாய், அதனால் உன் ஜனங்களுக்காகச் சட்டமன்றத்தில் பேசாதே என்று சொல்வது வேறு.

என் அம்மா அன்றைக்குக் கோபப்பட்டது ஐயர் அரசியல் பேசியதற்காக அல்ல என்று இப்போது எனக்குப் புரிகிறது. எங்களிடம் ஒன்றும் கேட்காமல், எங்களுக்காக ஒன்றும் செய்யாமல், எங்கள் ஓட்டை எடுத்து ஒருவரிடம் கொடுக்கப் பார்த்ததற்காக. பிங்க்னி பீடத்திலிருந்து ஜனங்களை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. ஜனங்களின் பாரத்தைத் தான் சுமந்துகொண்டு போய் அவையில் இறக்கி வைத்தார். போதகர் ஒருவர் சட்டமன்றத்துக்கு வந்தால் நாம் பார்க்க வேண்டியது அவர் எந்தப் பக்கமாக எதைச் சுமந்துகொண்டு போகிறார் என்றுதான்.

வருகிற ஜூன் 17 அன்று உங்கள் நாளிதழில் இதைப் பற்றி ஒரு பத்தியாவது போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படம் போட இடம் இருந்தால் ஒபாமாவின் படம் வேண்டாம், அது எல்லோரும் பார்த்தது. மேலவையில் கறுப்புத் துணி போர்த்தியிருந்த அந்த மேசையின் படத்தைப் போடுங்கள். கீழே, அவர் பெயரில் வந்து மேலவையில் நின்றுபோன அந்த வெறுப்புக் குற்ற மசோதாவைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
பாளையங்கோட்டை